அந்தந்த ஊர் நேரம்

அவளுக்கு எல்லாரும் வைத்த பேர் திருத்தம். முதலில் வைத்தவர் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். எதிரே இருக்கிறவர் ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. துக்கம் கேட்கப் போன வீட்டில், தலையில் அடித்துக்கொண்டு அழுகிற பெண்டாட்டியிடமே, "அவருக்கு அறுபத்தெட்டு இல்லம்மா, அறுபத்தொம்பது" என்று சொல்லிவிட்டு வந்தவள். நுணலும் தன் வாயால் கெடும் என்று அவள் அம்மா சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

வேலையும் அதற்கு ஏற்ற மாதிரி அமைந்தது. விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ். மாடியில் ஒரே அறை, கண்ணாடி போட்ட கவுண்டர், இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு உலகப் படம், அதற்கு மேலே ஆறு கடிகாரம். ஆறில் நாலு பேட்டரி தீர்ந்து நின்றுபோனவை. மாற்றித் தர முதலாளிக்கு மனசு வரவில்லை. ஓடுகிற இரண்டில் ஒன்று இந்த ஊர். இன்னொன்று மேற்கே இருக்கிற அந்தப் பெரிய ஊர், வருகிற ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். அந்த ஊர்க் கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்னால் ஓடும்.

டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "பதினொண்ணுக்குக் கிளம்பி பதினொண்ணு அம்பதுக்கு இறங்குதே. அம்பதே நிமிஷமா? அதுக்கா இவ்வளவு காசு?" அவள் விளக்குவாள். கிளம்புகிற நேரம் கிளம்புகிற ஊர் நேரம். இறங்குகிற நேரம் இறங்குகிற ஊர் நேரம். அந்த ஊர் நேரம் நமக்கு இரண்டு மணி நேரம் பின்னால், அதனால் மேலே இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். "டிக்கெட் இங்கதான வாங்கினோம், அப்ப இந்த ஊர் நேரம்தான போடணும்?" என்று திரும்பக் கேட்பார்கள். படித்தவர் படிக்காதவர் வித்தியாசமே கிடையாது. சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு, கடைசியில் அவளே ஒரு அட்டையில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதி, கடிகாரங்களுக்குக் கீழே மாட்டிவிட்டாள். 'டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரமே.' மாட்டிப் பல வருஷம் ஆகிறது. இன்றுவரை ஒரு ஜீவன் அதைப் படித்ததில்லை. அதற்குக் கீழேயே நின்றுகொண்டு அதே கேள்வியைக் கேட்பார்கள்.

அன்றைக்குக் காலையில் அவள் யாரையும் திருத்தவில்லை. வந்தவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி அனுப்பிவிட்டாள். பதினோரு மணி விமானத்தில் அவள் தங்கச்சியும் தங்கச்சி மகளும் ஏறியிருந்தார்கள். மணி பதினொன்று தாண்டி, கம்ப்யூட்டரில் விமானம் கிளம்பிவிட்டது என்று வந்த பிறகுதான் அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

தங்கச்சி புருஷன் டயர் கடை வைத்திருக்கிறான். அவனை மனுஷன் என்று சொன்னால் மனுஷ சாதி கோபித்துக்கொள்ளும். கல்யாணமான வருஷமே தங்கச்சியின் தோள்பட்டை எலும்பை உடைத்தான். அடுத்து மணிக்கட்டு. தங்கச்சி இரண்டு தடவை போலீஸுக்குப் போனாள், இரண்டு தடவையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்டேஷன் ஜீப்புக்கு டயர் மாட்டிக் கொடுக்கிறவனே அவன்தான், எந்த ஸ்டேஷன் அவனைக் கேட்கும்? இதையெல்லாம் பொறுத்தவள் போன வாரம் நடந்ததைப் பொறுக்கவில்லை. பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில், டயர் டியூபை அமுக்குகிற மாதிரி, ஏழு வயசுப் பெண்ணின் தலையைப் பிடித்து அமுக்கினான். ஸ்கூல் பையைக் கடை வாசலில் போட்டுவிட்டாளாம், அதற்கு. "நீ ஓடிப்போனா உன்னையும் இவளையும் பழைய டயரோட வெச்சுக் கொளுத்திடுவேன்" என்று அன்று ராத்திரியே பெண்டாட்டியிடம் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை.

திருத்தம்தான் டிக்கெட் போட்டாள். முதலில் காலை ஒன்பது மணி விமானத்தில்தான் அனுப்ப நினைத்தாள். அவன் கடைக்குக் கிளம்பவே ஒன்பது ஆகும் என்பதால் அடுத்த விமானத்துக்கு மாற்றினாள். அந்த ஊரில் தங்க இடம் பார்த்தாள். தங்கச்சிக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தாள். பழைய போனை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகச் சொன்னாள், கூப்பிட்டுத் தொலைக்காமல் இருக்கட்டும் என்று. எல்லாம் சரியாகச் செய்தாள், ஒன்றைத் தவிர.

பதினொன்றரைக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் டயர்காரன் நிற்கிறான். பழக்க தோஷத்தில், "வாங்க மாப்பிள்ளை" என்று வாய் சொல்லிவிட்டது. அவன் உள்ளே வந்து ஷட்டரைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டான். கையில் டயர் கழற்றுகிற லிவர் இருந்தது, முழங்கை நீளம், முனை தட்டையாக.

"இது யார் அனுப்பினது அண்ணி?" என்று ஒரு போனை நீட்டினான். தங்கச்சியின் பழைய போன். அதில் டிக்கெட்டின் படம். நேற்று ராத்திரி திருத்தம்தான் அனுப்பினாள். புது எண்ணுக்கு அனுப்ப வேண்டியதைக் கை பழக்கத்தில் பழைய எண்ணுக்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். ஊரார் தப்பையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கித் திருத்துகிறவளுக்குத் தன் தப்பு மட்டும் கண்ணில் படவில்லை.

"கடைலேருந்து வீட்டுக்கு வந்து நான் பாக்கறப்பவே பதினொண்ணே கால். பிளேன் போயிடுச்சு. வானத்துக்கு ஏணியா போட முடியும்?" என்று அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அதனால என்ன, எறங்கித்தான ஆகணும். என் தம்பி அந்த ஊர்லதான இருக்கான். ஏர்போர்ட் பக்கத்துலயே கார் கழுவற எடத்துல வேலை. வாசல்ல நிப்பான். அவ கைக்குக் கெடைக்கற வரைக்கும் நீங்க யாருக்கும் போன் பண்ணக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

அவள் கைப்பேசியை எடுத்துக் கீழே போட்டு லிவரால் இரண்டு குத்துக் குத்தினான். கவுண்டர் போனின் ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். பிறகு டிக்கெட்டைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"பதினொண்ணுக்குக் கிளம்புது. பதினொண்ணு அம்பதுக்கு எறங்குது. இன்னும் இருபது நிமிஷம்."

அப்படி இல்லை மாப்பிள்ளை, அது அந்த ஊர் நேரம் என்கிற வார்த்தை அவள் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. தினமும் சொல்லித் தேய்ந்த வார்த்தை, தானாக வரும். பல்லைக் கடித்து விழுங்கினாள். அப்புறம்தான் அவளுக்கே புரிந்தது, எதை விழுங்கினோம் என்று. தங்கச்சி இறங்க இந்த ஊர் நேரம் ஒன்று ஐம்பது ஆகும். இவனுக்கு அது தெரியாது.

அவன் தம்பியைக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டான். "டேய், அங்க மணி என்ன?"

"ஒம்பது முப்பத்தஞ்சுண்ணே."

டயர்காரன் அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். "ரெண்டு மணி நேர வித்தியாசம் இவனுக்கு எங்க தெரியப் போகுதுன்னு நெனச்சிருப்பீங்க. டயர் கழட்டறவன்தான, என்ன தெரியும்னு. இங்க பதினொண்ணு அம்பதுன்னா அங்க ஒம்பது அம்பது. டேய், உங்க ஊர் மணி ஒம்பது அம்பதுக்கு உங்க அண்ணி எறங்கறா, புள்ளையோட. போய் வாசல்ல நில்லு. புள்ளையத் தூக்கிக்கோ, அவ தானா பின்னாடி வருவா."

கணக்கில் புலிதான். கழித்தலில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. முதல் வரியே தப்பு என்பது மட்டும்தான் குறை. திருத்தம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், உள்ளே மனசு பறந்தது. தம்பி போய் நிற்கட்டும். ஆனால் ஒருத்தரும் வரவில்லை என்றால் சந்தேகப்படுவானே, யாரையாவது கேட்பானே, காத்திருப்பானே. அப்போதுதான் காலை ஒன்பது மணி விமானம் ஞாபகம் வந்தது. இந்த ஊரிலிருந்து போகிறது, அதுவும் மூணு மணி நேரம் பறந்து அங்கே இறங்குவது ஒன்பது ஐம்பதுக்கு. சரியாக அந்த நேரத்துக்கு இந்த ஊர் விமானம் ஒன்று இறங்கும், இந்த ஊர் ஆட்கள் பெட்டியோடு வருவார்கள், அதில் தங்கச்சி இருக்க மாட்டாள். கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, கால அட்டவணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

போனை வைத்த டயர்காரன் நெற்றியைச் சுருக்கினான். "ரோட்டுல லாரி ரெண்டு நாள் போகும். பிளேன்ல அம்பதே நிமிஷமா அண்ணி?"

அந்தக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. "ஆமா மாப்பிள்ளை" என்றாள். "வானத்துல ஏது டிராபிக்."

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத கை அவனுடையது. "எங்க தங்கப் போறா?" என்றான்.

"தெரியாது."

"அண்ணி, மரியாதையா கேக்கறேன்."

"எனக்குச் சொல்லல மாப்பிள்ளை."

அவன் அவள் இடது கையைப் பிடித்துக் கவுண்டர் மேல் பரப்பி வைத்தான். சின்ன விரலுக்கு அடியில் லிவரின் தட்டை முனையைக் கொடுத்து, டயரை ரிம்மிலிருந்து கிளப்புகிற மாதிரி நெம்பினான். விரல் முறிந்த சத்தம் அவள் கத்தலுக்கு முன்னால் கேட்டது. பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருக்கிற பெண் கத்தலைக் கேட்டிருப்பாள், கேட்காமல் இருக்க முடியாது. மெஷின் நிற்கவில்லை.

"எங்க?"

"தெரியாது."

இன்னொரு விரல். வலி தோள் வரைக்கும் ஏறிக் கண்ணை இருட்டியது. எங்கேயாவது பார்வையை ஊன்றி நிறுத்த வேண்டும் என்று சுவரைப் பார்த்தாள், பார்த்தது நேரே சிவப்பு எழுத்தில். அவன் தலைக்குப் பின்னால் அது அப்படியே பளிச்சென்று நின்றது. ஐயோ பாவி, பார்க்காதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கண் கேட்கவில்லை, திரும்பத் திரும்ப அங்கேயே போயிற்று. அவன் கவனித்துவிட்டான்.

"என்ன அங்க பாக்கற?" நீங்க போய் நீ வந்துவிட்டது. அவன் எழுந்து சுவரிடம் போனான். அட்டைக்கு ஒரு முழ தூரத்தில் நின்றான். சிவப்பு எழுத்து அவன் மூக்குக்கு நேரே இருந்தது. பள்ளிக்கூடம் போனவன்தான், படிக்கத் தெரிந்தவன்தான். பல வருஷமாக ஒருத்தராவது படிக்க மாட்டாரா என்று ஏங்கியவள், இன்றைக்கு ஒருத்தன் மட்டும் படித்துவிடக் கூடாது என்று இல்லாத தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள்.

அவன் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். "மணி பாக்கறியா? இன்னும் எத்தனை நிமிஷம்னு எண்ணறியா?" லிவரை வீசி இந்த ஊர்க் கடிகாரத்தை அடித்து நொறுக்கினான். கண்ணாடி சிதறியது. "இப்ப எண்ணு" என்று திரும்பி வந்து புறங்கையால் அவள் வாயில் அறைந்தான். உதடு கிழிந்தது. அட்டை அசையக்கூட இல்லை.

சிறிது நேரத்தில் தம்பி கூப்பிட்டான். "அண்ணே, நம்ம ஊர் பிளேன் எறங்கிடுச்சு. உள்ள டிவில போட்டுட்டான். நான் வாசல்லதான் நிக்கறேன்." டயர்காரன் போனை அணைக்காமல் கவுண்டரில் வைத்துவிட்டு முழங்காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "வர ஆரம்பிச்சுட்டாங்கண்ணே." பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம் போனில் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிடும் குரல், ஒரு குழந்தையின் அழுகை. டயர்காரன் நிமிர்ந்தான். "அண்ணே, அது வேற புள்ள." கொஞ்ச நேரம் கழித்து, "கூட்டம் கொறஞ்சிடுச்சுண்ணே" என்றது போன். அப்புறம், "எல்லாரும் போயாச்சு. பைலட்டே பெட்டியத் தள்ளிக்கிட்டுப் போயிட்டான். அண்ணியும் இல்ல, புள்ளையும் இல்ல."

"நல்லாப் பாத்தியாடா?"

"நான் என்ன குருடனா? நம்ம ஊர் பிளேன்லேருந்து வந்தவன்கிட்டயே கேட்டேன். அப்படி ஒரு பொம்பளையும் புள்ளையும் ஏறவே இல்லைங்கறான்."

டயர்காரன் எழுந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் திருத்தத்துக்குத் தெரிந்துவிட்டது, இதுவரை வாங்கியதெல்லாம் அடியே இல்லை என்று. அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ இன்னும் வானத்துலதான் இருக்கா, ரெண்டு மணிக்குத்தான் எறங்குவா. அடி அந்த நிமிஷமே நின்றுவிடும். உண்மையைச் சொல்ல அவளுக்கு இவ்வளவு ஆசை எப்போதும் வந்ததில்லை.

முடியைப் பிடித்து முகத்தைக் கவுண்டர் கண்ணாடியில் மோதினான். கண்ணாடி விரிந்தது. இரண்டாவது மோதலில் உடைந்தது, முன்பல் இரண்டு போயின. கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தான், திருப்பிப் போட்டு முதுகில் உதைத்தான். "எங்கடி அவ? என்னையே ஏமாத்தறீங்களா அக்காளும் தங்கச்சியும்?" லிவர் தாடையில் இறங்கியது. உள்ளே ஏதோ இடம் மாறியதை அவள் உணர்ந்தாள். வலிக்கிறதே, வலிக்கிறதே என்று மனசு அழுதது. பொய் ஒன்றைத் தயாராகத்தான் வைத்திருந்தாள், ஆனால் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. சும்மா கொடுத்தால் நம்ப மாட்டான். அவன் அடித்து வாங்கியதாக அவனே நினைக்க வேண்டும். அதனால் இன்னும் இரண்டு உதையை வாங்கிக்கொண்டாள். மூன்றாவதில் நிஜமாகவே தாங்க முடியவில்லை.

"சொல்றேன்" என்றாள். வாயிலிருந்து ரத்தமும் வார்த்தையும் சேர்ந்து வந்தன. "டிக்கெட்... சும்மா. நீங்க பாக்கணும்னுதான்... பழைய போனுக்கு அனுப்பினேன். ரயில்ல போறா. துறைமுகத்துக்கு. காலைல ஒம்பது மணி ரயிலு. அஞ்சு மணிக்குத்தான் போய்ச் சேரும்."

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். துறைமுகம் இங்கிருந்து காரில் நாலு மணி நேரம். இப்போது கிளம்பினால் ரயிலை முந்திவிடலாம். அவன் முகம் தெளிந்தது. போனை எடுத்து, "டேய், அங்க நிக்காத, வேலையப் பாக்கப் போ. இங்க கக்க வெச்சுட்டேன்" என்றான். அணைத்துவிட்டு அவளைக் குனிந்து பார்த்தான். "அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? மொதல்லயே சொல்லியிருந்தா பல்லாவது மிஞ்சியிருக்கும். இது மட்டும் பொய்னு வெய்யி, ராத்திரியே திரும்பி வருவேன்." ஷட்டரை ஒரு முழம் தூக்கிக் குனிந்து வெளியே போனான். அவசரத்தில் லிவரைக் கவுண்டர் மேலேயே விட்டுவிட்டான்.

ஜெராக்ஸ் கடைக்காரி அவன் கார் போன சத்தம் அடங்கிய பிறகுதான் வந்தாள். ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "பெஞ்ச் நகத்தறீங்கன்னு நெனச்சேங்க்கா" என்றாள். பெஞ்சே இல்லாத ஆபீஸ் அது. திருத்தம் அதையும் திருத்தவில்லை. கடைக்காரிக்கே வெட்கமாகிவிட்டது, அழ ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எவ்வளவு கெஞ்சியும் திருத்தம் அசையவில்லை. தாடை திறக்கவில்லை, பேச முடியவில்லை. முறியாத கையால் கவுண்டர் போனைக் காட்டினாள். கடைக்காரி ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். அப்புறம் லிவரைக் காட்டினாள். அதையும் எடுத்துக் கொடுத்தாள். திருத்தம் அதை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, ஓடுகிற ஒரே கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த ஊர்க் கடிகாரம் அது. கடைக்காரி தண்ணீரில் துணி நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பத்தே முக்கால் ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. பதினொன்றரைக்கு ஒரு தடவை மயக்கம் வந்து போயிற்று.

அந்த ஊர்க் கடிகாரம் பன்னிரண்டு தாண்டியதும் போன் அடித்தது. கடைக்காரி எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"அக்கா, எறங்கிட்டோம்." தங்கச்சியின் குரலில் மூச்சிரைப்பு இருந்தது. "அவர் தம்பி நிப்பானோன்னு உசிரக் கையில புடிச்சுக்கிட்டு வந்தேன். யாருமே இல்லக்கா. டாக்ஸில ஏறிட்டோம். பாப்பா சிரிக்கறா, கேக்குதா?" கேட்டது. திருத்தத்துக்குக் கண்ணீர் கொட்டியது, ரத்தத்தோடு கலந்து கழுத்தில் இறங்கியது.

"ஆனா ஒண்ணுக்கா. டிக்கெட்டுல அம்பது நிமிஷம்னு போட்டுட்டு மூணு மணி நேரம் பறக்கறான். பிளேன் வேற ஊருக்குப் போகுதோன்னு நான் நடுங்கிட்டேன். நீகூட ஒரு வார்த்தை சொல்லலையே. அக்கா? பேசேன். ஏன் பேச மாட்டேங்கற?"

திருத்தம் வாயைத் திறக்கப் பார்த்தாள். தாடை வரவில்லை, ஒரு முனகல்தான் வந்தது. அவள் லிவரைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். கடைக்காரிக்குப் புரியவில்லை. மறுபடியும், இன்னும் உயரமாகக் காட்டினாள். கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். தினமும் இரண்டு தடவை சில்லறை மாற்ற இந்த அறைக்கு வந்து போகிறவள், அந்த அட்டையை அன்றைக்குத்தான் பார்த்தாள். போனைத் தன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள்.

"டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரமே. அப்படின்னு இங்க எழுதியிருக்கும்மா."

தங்கச்சி, "நீங்க யாரு? எங்கக்கா எங்க?" என்று கேட்டாள். திருத்தம் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தடவை படி என்று கையைக் காட்டினாள்.